அழகுகோல் சொன்னது யார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், அதனால் நலம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன், அதில் மட்டும் பொய் கிடையாது. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ அம்மா மீட்டிங் இருக்கு, அம்மா சிக்னல் சரியில்ல, அம்மா அப்புறம் கூப்பிடறேன் என்பாய், அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். நீ பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போகலாம், ஆனால் நான் சொல்லி முடித்தது முடித்ததுதான்.

வீட்டு விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு அதற்குப் பொறுமை இருக்காது. அப்பாவுக்கு முட்டி வலி குறையவில்லை, மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னார், அதனால் தினமும் தவறாமல் மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறார். கேட்டால் இல்ல சும்மா பார்த்தேன் என்கிறார். தம்பி கடையில் ஊரார் வீட்டு மின்விசிறியை எல்லாம் பழுது பார்க்கிறான், நம் வீட்டுக் கூடத்து மின்விசிறி கிர் கிர் என்று கத்திக்கொண்டே சுற்றுகிறது, அதைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பார்க்கறேம்மா என்கிறான், எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவன் சொல்வதில்லை. உன் அறை ஜன்னல் ஓரம் மழைத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊதிப் போயிருக்கிறது, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம். அப்பா நீ கம்பெனிக்காகப் பேசின படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு பார்க்கிறவர்களை எல்லாம் பிடித்து வைத்துக் காட்டுகிறார். முடி வெட்டும் கடையில் பாதி முகம் சவரம் ஆன மனுஷன், மீதி முகத்தில் நுரையோடு, நகர முடியாமல் உன் பேச்சை முழுதாகக் கேட்டிருக்கிறார். வந்து என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அப்பா. நானும் சிரித்தேன், அப்போது அந்தப் படத்தில் நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரியாது. என் கைபேசியில்தான் எதுவும் திறக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியின் பெட்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டது. நீ அனுப்பச் சொன்னாயா, தானாக வந்ததா தெரியாது. சின்ன வகுப்பு ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பெட்டி, மூடியில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் சூரியன். டீச்சர்களுக்குப் புதுசு புதுசா யோசனை கொடுக்கற வேலைம்மா என்று வேலையில் சேர்ந்தபோது நீ சொன்னாய், அதற்கு மேல் நான் துருவிக் கேட்கவில்லை. பெட்டியோடு பயிற்சி கொடுக்க ஒரு தம்பி வந்தார், உன் வயதுகூட இருக்காது. எங்களை எல்லாம் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சில் உட்கார வைத்தார். மூன்றாம் வகுப்பு டீச்சர் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கினோம். அந்தத் தம்பி முதலில் எடுத்தது நிழல். குழாயடிக் கம்பத்தின் நிழலைக் காலையிலும் மதியமும் சாயங்காலமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்பீஸால் தரையில் வரையச் சொல்லி, நிழல் எங்கே போகிறது பார் என்று விடுவேனே, நீ வரைந்த கோட்டை எவனோ மிதித்துவிட்டான் என்று அவன் சட்டையைப் பிடித்துக் கிழித்தாயே, அதேதான். பெட்டியில் அதற்கு ஓர் அட்டை வைத்திருக்கிறீர்கள். கம்பம் அச்சடித்திருக்கிறது. நிழல் ஸ்டிக்கராக இருக்கிறது, உரித்து ஒட்ட வேண்டும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, நாங்கள் உள்ளே உட்கார்ந்து நிழலை உரித்து உரித்து ஒட்டினோம்.

அடுத்து ஓசைப் படம். கண்ணை மூடிக்கொண்டு காதில் விழுவதை எல்லாம் படமாக வரைவது. நம் வகுப்பில் லாரி போகும், குழாய் சொட்டும், பக்கத்து வகுப்பில் அடி விழும், ஒருத்தன் தன் வயிறு கத்துவதைக்கூட வரைந்தான், அவன் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருக்கிறான் என்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. உங்கள் பெட்டியில் ஓசையையும் நீங்களே அனுப்பிவிட்டீர்கள், கைபேசியில் தட்டினால் கடல் அலை வருகிறது, குயில் கூவுகிறது. எவன் வயிறும் கத்துவதில்லை. பிறகு தெரியாது டப்பா. எனக்கும் தெரியாது உங்களுக்கும் தெரியாது என்கிற கேள்வியை மட்டும் எழுதிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போடுவோம், வாரக் கடைசியில் எடுத்து எல்லோருமாகத் தேடுவோம். நீங்கள் கேள்விகளை அச்சடித்து, பின்பக்கம் விடையையும் அச்சடித்துவிட்டீர்கள். தெரியாது டப்பாவில் எல்லாமே தெரிந்திருக்கிறது. நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதே. முதலில் எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. இதெல்லாம் நம்ம வீட்டுச் சரக்கு, என் பொண்ணு மறக்காம வச்சிருக்கா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வாய் துடித்தது. அம்மா வீட்டிலிருந்து எடுத்துப் போக எந்தப் பெண்ணும் கேட்க வேண்டியதில்லை, சட்டி பானையையே கேட்காமல் எடுத்துப் போனவள்தானே நீ. அந்தத் தம்பி என்னைப் பார்த்து மேடம் நீங்க இன்னும் பழைய முறையிலயே இருக்கீங்க, கொஞ்சம் மனசத் திறந்து வச்சுக்கோங்க என்றார். சரி தம்பி என்றேன். ஒழுங்காக வெட்டி ஒட்டியதற்கு எனக்கு ஒரு சிரிக்கும் ஸ்டிக்கர் கொடுத்தார். அதை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

கடைசியாகத்தான் அழகுகோலை எடுத்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் கையில் இருந்த பசையைக் கீழே வைத்தேன். எங்க நிபுணர் குழு ரொம்ப யோசிச்சு வச்ச பேரு மேடம், அழகும் அளவும் சேர்ந்தது என்று விளக்கினார். பெட்டியில் பிள்ளைக்கு ஒன்றாக நீள அட்டைகள், எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றிலும் கோடு போட்டு எண் அச்சடித்திருக்கிறது. பிள்ளைகள் ஓரத்தில் வண்ணம் தீட்டினால் போதும். ஏன் தம்பி எல்லாம் ஒரே அளவுல இருக்கு என்று கேட்டேன். அதுதான் மேடம் இதுல விசேஷம், பிள்ளைங்களுக்குள்ள சண்டையே வராது என்றார். அடப்பாவி, அந்தச் சண்டைதானே பாடம் என்று நாக்கு நுனி வரை வந்தது. மென்று முழுங்கினேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார். எழுதிக் கொடுத்தவள் அந்தச் சண்டையின் நடுவில் நின்றவள்.

உனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்ல முடியாதபடி நானே எழுதிவிடுகிறேன். நீ என் வகுப்பில் இரண்டாவது படித்தாய், வகுப்பில் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். இரண்டாவது பெஞ்சில் குருவி இருந்தாள். எலும்பும் தோலுமாக, குரல் கீச்சென்று இருக்கும், அதனால் குருவி. அவளுக்கு எழுத்து பிடிபடவே இல்லை, எழுந்து படி என்றால் கால் நடுங்கும். அன்று பாடத்தில் அளவுகோல் என்று இருந்ததை அவள் திக்கித் திக்கி அழகுகோல் என்று படித்தாள். முதலில் சிரித்தது யார்? நீ. ஜன்னல் ஓரத்திலிருந்து நீ சிரித்த பிறகுதான் வகுப்பே சிரித்தது, டீச்சர் பெண்ணே சிரிக்கிறாள் என்று மற்றதுகளுக்குத் தைரியம். குருவி புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவளைச் சமாதானப்படுத்தினால் இன்னும் அழுவாள், உன்னைத் திட்டினால் எல்லோரும் உன்னையே பார்ப்பார்கள். சரி, அழகுகோல்னா என்னன்னு செஞ்சு பார்த்துடலாம், ஆளுக்கு ஒண்ணு செய்யுங்க, அவங்கவங்க சாண் அளவுதான் நீளம், அவங்கவங்க விரல் அகலம்தான் கோடு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். திட்டம் போட்டெல்லாம் செய்யவில்லை. காலி அட்டைப் பெட்டிகளை வெட்டிச் செய்தீர்கள். கரும்பலகையை அளந்தீர்கள், மேசையை அளந்தீர்கள், என் முதுகைக்கூட அளந்தீர்கள். ஒருத்தருக்கு வந்தது இன்னொருத்தருக்கு வரவில்லை. நீ தப்பு, நீதான் பொய், பலகை என்ன ரப்பரா இழுத்தா நீளறதுக்கு என்று அடிதடி. நான் மூலையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான வேலை, டீச்சர் பேசாமல் இருப்பது. கத்திக் கத்தி ஓய்ந்த பிறகு ஒருத்தன் சொன்னான், எல்லாரும் ஒரே கோலை வச்சுக்கலாம் என்று. யாருடைய கோல் என்று அதற்கு ஒரு சண்டை. கடைசியில் குருவியுடையதை எடுத்தார்கள், அவள் கோடுகள்தான் ஒழுங்காக இருந்தன, அவள் சொன்ன பேர்தானே என்றும் ஒருத்தி சொன்னாள். அந்த வருஷம் முழுக்க நம் வகுப்புக்கு அவள் கோல்தான் அளவு. ஆணியில் தொங்கும், அவளிடம் கேட்டுத்தான் எடுப்பார்கள். அதற்குப் பிறகு அவள் எழுந்து படிக்கும்போது கால் நடுங்கவில்லை.

நீ அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டாய். என்னோடது ஏன் எடுக்கல, நான்தானே டீச்சர் பொண்ணு என்று அழுதாய். ஏழு வயசுப் பிள்ளை, அழுதால் தப்பில்லை, மறந்துவிடும் என்று நினைத்தேன். நீ மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

அந்தக் குருவிதான் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். எங்கள் பிள்ளைகளின் சீருடை பாதிக்கு மேல் அவள் தைத்ததுதான், கழுத்தில் எப்போதும் நாடா தொங்கும். அளவெடுக்கும்போது வருகிறவர்களிடம் எல்லாம் அழகுகோல் கதையைச் சொல்வாளாம், நான் அப்பவே அளவுல கெட்டிக்காரி என்று. அவள் பெண் இந்த வருஷம் என் வகுப்பில்தான் படிக்கிறாள். அம்மா மாதிரியே கீச்சுக் குரல், ஆனால் வாய் எட்டு ஊருக்குக் கேட்கும். பெட்டியைத் திறந்து நான் அழகுகோல் என்று சொன்ன உடனே அந்தக் குட்டி துள்ளி எழுந்து, டீச்சர் இது எங்கம்மா சொன்ன வார்த்தை என்றாள். ஆமாம், உங்கம்மா சொன்னதுதான் என்று நானும் சொன்னேன். அன்றைக்கு முழுவதும் அவள் நடையே வேறு.

பிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. ஹெச்.எம். புதுப் பெட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டு, சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் போட்டார். பார்த்தால் நீ. எவ்வளவு பெரிய முகம், மூக்கின் ஓரத்தில் இருக்கும் மச்சம் சின்னத் தட்டு அளவுக்குத் தெரிந்தது. கொஞ்சம் இளைத்திருந்தாய், ஐயோ ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்றுதான் பாழாய்ப்போன மனசுக்கு முதலில் தோன்றியது. நீ பேச ஆரம்பித்தாய். சின்ன வயசுல எனக்குச் சரியா படிக்கவே வராது, ஒரு நாள் அளவுகோலை அழகுகோல்னு படிச்சுட்டேன், கிளாஸே என்னைப் பார்த்துச் சிரிச்சுது, நான் புக்கால முகத்த மூடிக்கிட்டேன், ஆனா எங்க டீச்சர் ஒருத்தங்க சிரிக்கல என்றாய். குரல்கூடத் தழுதழுத்தது உனக்கு. ஏண்டி, உனக்கா படிக்க வராது? பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே பொட்டலம் கட்டிவந்த காகிதம், மருந்துச் சீட்டு, லாரியின் முதுகு என்று எதையும் விடாமல் படித்தவள். வாய் கூசவில்லையா? புத்தகத்தால் முகத்தை மூடியதைக்கூட விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டாயே. நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. சிரிப்புக்கு ஆளான பிள்ளையின் கதையைக் கேட்டால் கைதட்டுவார்கள், சிரித்த பிள்ளையின் கதையைக் காசு கொடுத்தாலும் கேட்க மாட்டார்கள். 

எல்லோரும் கைதட்டினார்கள். குருவி முன்வரிசையில் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் தட்ட ஆரம்பித்தாள், தட்டிக்கொண்டே இருந்த கை மெல்ல மெல்ல நின்றுபோனது. மடியில் இருந்த குட்டி திரும்பித் திரும்பி அம்மா முகத்தையே பார்த்தது. கூட்டம் முடிந்து என்னிடம் வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழுத்து நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே, டீச்சர், அப்ப அது நான் சொன்னது இல்லையா, இத்தனை வருஷமா நான்தான் சொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேனே, எல்லார்கிட்டயும் வேற சொல்லியிருக்கேன், என்ன நெனப்பாங்க என்றாள். வெட்கத்தில் அவள் முகம் சுண்டிப் போனது. பொய் சொன்னவள் நீ, வெட்கப்பட்டு நின்றவள் அவள். நீதான்டி சொன்ன, நீதான் என்று நான் சொல்வதற்குள் ஹெச்.எம். வந்து, டீச்சரோட பொண்ணுதான் படத்துல பேசினவங்க என்று எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். ஓகோ என்றார்கள், என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது குருவி வாசலைத் தாண்டிவிட்டாள்.

மறுநாள் வகுப்பில் அந்தக் குட்டிக்குப் புதுப் பேர் வைத்துவிட்டார்கள், புளுகுணி என்று. பிள்ளைகளுக்கு ஈவிரக்கம் கிடையாது, அது உனக்கும் தெரியும். நான் எல்லோரையும் உட்கார வைத்து, இந்த வார்த்தைய இவங்க அம்மாதான் சொன்னாங்க, இதே வகுப்புல, இதே இடத்துல, நான் கேட்டேன் என்று சொன்னேன். ஒரு பையன் எழுந்து மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு, டீச்சர், ஆனா படத்துல அந்த அக்காவே சொன்னாங்களே, அவங்களுக்குத் தெரியாதா என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவளுக்குத் தெரியும்டா, தெரிந்துதான் சொன்னாள் என்று ஏழு வயசுப் பையனிடம் எந்த வாயால் சொல்வேன், அதுவும் என் பெண்ணைப் பற்றி. ஹெச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். படத்துல ஒண்ணு இருக்கு, நீங்க ஒண்ணு சொன்னா பேரன்ட்ஸ் குழம்பிடுவாங்க டீச்சர், அதுவும் உங்க பொண்ணு வேற, பெருமைப்பட்டுட்டுப் போவீங்களா என்றார். அன்று மத்தியானம் அழகுகோல் வேலை. பெட்டியில் வந்த அட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழையபடி அவரவர் சாணுக்கு வெட்டுங்கள் என்று சொன்னேன். வகுப்பே ரகளை பண்ணிக்கொண்டு வெட்டியது. அந்தக் குட்டி மட்டும் பெட்டியிலிருந்து அச்சடித்த அட்டை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு ஓரத்துக்கு வண்ணம் தீட்டினாள். உன் சாண் எங்கே என்று கேட்டேன். வேண்டாம் டீச்சர், இதுவே கரெக்டா இருக்கு என்றாள். அன்றிலிருந்து அவள் கையைத் தூக்குவதில்லை. கேட்டால் பதில் தெரியும், ஆனால் தெரியலை டீச்சர் என்கிறாள்.

எனக்கு மனசு ஆறவில்லை, நேரே தையல் கடைக்குப் போனேன். குருவி மிஷினை நிறுத்திவிட்டு எனக்கு ஸ்டூல் போட்டாள், டீ வாங்கி வரச் சொன்னாள். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன், யார் சிரித்தது என்பதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். விடுங்க டீச்சர், நீங்க அப்பவும் இப்படித்தான், நான் அழக்கூடாதுன்னு எதையாவது சொல்லிச் சமாளிப்பீங்க, எனக்குத்தான் எதுவும் சரியா ஞாபகம் நிக்காதே, யாரோ சொன்னத நான் சொன்னதா நெனச்சுக்கிட்டிருப்பேன், பாப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டேன் என்றாள். நான் சத்தியம் செய்யப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, நீங்களே சொல்லுங்க, உங்க பொண்ணு பொய் சொல்வாங்களா டீச்சர் என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். இத்தனை வருஷம் வகுப்பில் எவ்வளவோ கேள்விக்குப் பதில் சொன்னவள் நான், டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். விடும்மா, அவ வேலைக்கு அதெல்லாம் வேணும், ஒரு வார்த்தைக்கு யாராவது இப்படி மல்லுக்கு நிப்பாங்களா, உன் பேரச் சொல்லலைன்னு கோபமா என்று கேட்டார். அவரோடு பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறேன், உப்பு வேண்டுமா என்று தம்பி மூலமாகத்தான் கேட்கிறேன். என் பேரை நீ சொல்லாதது எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் மற்ற பொய்யை எல்லாம் கண்டித்துவிட்டு நானே ஒன்று சொல்ல முடியாது. கோபம்தான். எங்க டீச்சர் ஒருத்தங்க. ஒருத்தங்க! வகுப்புக்குள் டீச்சர் என்று கூப்பிடு என்றேனே தவிர, ஆயுசு முழுக்க அப்படிக் கூப்பிடு என்றா சொன்னேன்? ஆனாலும் அது நமக்குள் இருக்கட்டும், நான் தாங்கிக்கொள்வேன், நிழலையும் டப்பாவையும் நீயே வைத்துக்கொள், ஸ்டிக்கர் ஆக்கு, என்னவோ செய். குருவியுடையதை மட்டும் திருப்பிக் கொடு. அவளிடம் அப்போது இருந்தது ஒரு பிழை, அந்தப் பிழை ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் தலைநிமிர்ந்தாள். உன்னிடம் எவ்வளவோ இருந்தது.

படத்தைத் திருத்து என்றால் கம்பெனி விடாது என்பாய், அதனால் அதை நான் கேட்கவில்லை. இந்த ஊரில் நான் சொன்னால் சமாதானம், ஹெச்.எம். சொன்னால் உத்தியோகம், குருவி சொன்னால் ஞாபகமறதி. நீ ஒருத்தி சொன்னால்தான் எடுபடும், அந்த நிலைமையை உண்டாக்கியதும் நீதான். நீ லீவில் வருவதாகத் தம்பியிடம் சொன்னாயாம். வா. வரும் வழியில்தான் தையல் கடை. பையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய், அழகுகோல்னு சொன்னது நீ, சிரிச்சது நான் என்று அவளிடம் சொல். அவ்வளவுதான், அதற்கு மேல் ஜோடிக்க வேண்டாம், கண்ணீரும் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு போ, அந்தக் குட்டியும் கடையில்தான் இருக்கும், அதன் காதிலும் விழட்டும். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் நான் வாசலில் நிற்பேன். சொல்லாமல் வந்தாலும் கதவு திறந்திருக்கும், அடுப்பில் சாப்பாடு இருக்கும், அப்பா இருப்பார், நான் மட்டும் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். லீவு நாளாக இருந்தாலும் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பேன்.

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ, சின்னதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் பிடிக்கும். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, படத்தில் கன்னம் ஒட்டித் தெரிகிறது. மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல், இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக, நீண்ட நாள் இருக்க வேண்டும், எந்த ஆத்திரத்திலும் அந்த வார்த்தையை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். தையல் கடை பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில், மறந்துவிடாதே.

அம்மா என்று ஆரம்பித்துவிட்டேன், முடிக்கும்போது கை அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்கிறது. நீ கடைக்குப் போய்விட்டு வரும்வரை, நீ வைத்த பேரிலேயே இருந்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
எங்க டீச்சர் ஒருத்தங்க